பிளான் அப்ரூவல் ஆர்டரை எதிர்த்து அப்பீல், ரிட் போடுறது எப்படி? முழுமையான வழிகாட்டி

எங்க வீட்டு மாடிக்குப் போட்ட பிளான் ரிஜெக்ட் ஆச்சு. அதுக்கு அடுத்த வருஷம் பின்பக்க மனையில பிளான மீறிக் கட்ட ஆரம்பிச்சாங்க. ரெண்டையும் அப்பீல், ஹைகோர்ட்னு கடைசி வரைக்கும் நடந்து பார்த்ததால இப்ப தெருவுல யாருக்கு நோட்டீஸ் வந்தாலும் ஃபைலோட நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க. வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் செய்யுற தப்பு ஒண்ணுதான், வரிசை தெரியாம நடுவுல இருந்து ஆரம்பிக்கிறது. கவுன்சிலரப் பார்த்துட்டு, ஏரியா இன்ஜினியரப் பார்த்துட்டு, ரெண்டு மாசம் ஓடின பிறகு வக்கீல்கிட்ட போறாங்க, அப்ப கெடு முடிஞ்சிருக்கும்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும். நான் வக்கீல் இல்ல, ஆனா வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்க முடிக்க வேண்டிய வேலைதான் இதுல பாதிக்கு மேல.

1. நீங்க எந்தப் பக்கம்னு முதல்ல தெளிவு பண்ணிக்கங்க

மூணு விதமா இந்தப் பிரச்சினை வரும். ஒண்ணு, உங்க பிளான ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ரெண்டு, பக்கத்து மனைக்கு விதி மீறி அனுமதி கொடுத்துட்டாங்க, இல்ல கொடுத்த அனுமதிய மீறிக் கட்டுறாங்க. மூணு, உங்க கட்டடத்துக்கே வேலைய நிறுத்து, இடி, சீல் வைப்போம்னு நோட்டீஸ் வந்திருக்கு.

மூணுக்கும் பாதை வேற வேற. என்கிட்ட வந்த ஒரு அக்கா ரிஜெக்ஷன் ஆர்டரையும் வேலை நிறுத்த நோட்டீஸையும் சேர்த்து ஒரே மனுவா எழுதி வச்சிருந்தாங்க, ரெண்டும் ஒரே வீட்டப் பத்தினதுதான், ஆனா செக்ஷன் வேற, அப்பீலும் வேற. தனித்தனியா பிரிச்சு எழுத வச்ச பிறகுதான் வாங்கினாங்க.

ரெண்டாவது வகையில இன்னொரு பிரிவும் இருக்கு. அனுமதியே தப்பா, இல்ல அனுமதி சரியா இருந்து கட்டுறது தப்பா? அனுமதி தப்புன்னா அந்த ஆர்டரையே எதிர்க்கணும். கட்டுறது தப்புன்னா ஆர்டரத் தொட வேண்டியதில்ல, மீறல் மேல நடவடிக்கை எடுக்கச் சொல்லணும். இதக் குழப்பினா அதிகாரி ஒரே வரியில "அனுமதி பெற்றே கட்டுகிறார்"னு பதில் எழுதி ஃபைல மூடிடுவாரு.

2. ஆர்டர எழுத்துல வாங்குங்க

வாயால "உங்களுக்குக் கிடைக்காது சார்"னு சொன்னத எதிர்த்து எங்கயும் போக முடியாது. எதிர்க்கிறதுக்கு ஒரு காகிதம் வேணும், அதுல நம்பர், தேதி, காரணம், கையெழுத்து இருக்கணும்.

ஆன்லைன்ல பிளான் போட்டவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். குறை சொல்லி ரிட்டர்ன் பண்றது வேற, நிராகரிக்கிறது வேற. ரிட்டர்ன்னா நீங்க சரி பண்ணி மறுபடி ஏத்தணும், அதுக்கு அப்பீல் கிடையாது. ரிட்டர்ன் பண்ணினத ரிஜெக்ட்னு நெனச்சு மாசக்கணக்கா சும்மா இருந்து, அப்புறம் ஃபைல் குளோஸ் ஆனத நான் ரெண்டு பேர்கிட்ட பார்த்திருக்கேன்.

ஆர்டரும் போடாம ரிட்டர்னும் பண்ணாம வச்சிருந்தா? அப்ப உங்க கோரிக்கை "முடிவெடுங்க" அப்படிங்கிறது மட்டும்தான். அதுக்கு ஹைகோர்ட்ல மேண்டமஸ் ரிட் இருக்கு, அதாவது அதிகாரிய அவர் கடமையச் செய்யச் சொல்லிக் கேக்குற மனு. ரிட் போடுறதப் பத்தி 9ஆவது படியில சொல்றேன்.

3. கவரைத் தூக்கிப் போடாதீங்க

இதத் தனிப் படியா எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. கெடு ஓட ஆரம்பிக்கிறது ஆர்டர் உங்களுக்கு வந்து சேர்ந்த நாள்ல இருந்து. ஆர்டர்ல ஒரு தேதி போட்டிருக்கும், தபால் அதுக்கு மூணு வாரம் கழிச்சு வரும். அந்த மூணு வாரத்த நிரூபிக்க உங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி தபால் முத்திரை விழுந்த அந்தக் கவர்தான்.

கவர ஆர்டரோட பின் பண்ணி வைங்க. ஆன்லைன்ல வந்திருந்தா எஸ்எம்எஸ், மெயில் ரெண்டையும் தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. காலண்டர்ல அன்னைக்கே கடைசி நாள எழுதி, அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி இன்னொரு குறி போடுங்க, உங்களோட உண்மையான கெடு அந்தக் குறிதான்.

4. யார் போட்ட ஆர்டர், எந்தச் சட்டம், எந்த செக்ஷன்

நம்ம ஊர்ல ஒரு வீட்டுக்கு ரெண்டு அனுமதி உண்டு. திட்ட அனுமதி 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்துல வருது, சென்னைப் பகுதியில சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), மத்த இடங்கள்ல டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்). கட்டட அனுமதி உள்ளாட்சிச் சட்டத்துல வருது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சின்னா 1998ஆம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், அது நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல்லதான். கிராமம்னா 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம்.

குழப்பம் எங்க வருதுன்னா சின்னக் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி கொடுக்கிற அதிகாரத்தையும் உள்ளாட்சிகிட்டயே ஒப்படைச்சிருக்காங்க. அதனால லெட்டர்பேட் நகராட்சியோடதா இருக்கும், ஆனா ஆர்டர் போட்டது நகர் ஊரமைப்புச் சட்டத்துல. லெட்டர்பேட பார்த்து முடிவு பண்ணாதீங்க, ஆர்டரோட முதல் பாராவையும் "பார்வை"ங்கிற பகுதியையும் படிங்க, செக்ஷன் நம்பர் அங்கதான் இருக்கும்.

நகர் ஊரமைப்புச் சட்டத்துல அடிக்கடி வர்ற நம்பர்கள்: 49 திட்ட அனுமதி பத்தினது, 54 கொடுத்த அனுமதிய ரத்து பண்றது, மாத்துறது, 56 அனுமதியில்லாம கட்டினத அகற்றச் சொல்றது, 57 நடக்குற வேலைய நிறுத்தச் சொல்றது. அப்பீலுக்கு 79ம் 80ஏ-வும். செட்பேக் (கட்டடத்தச் சுத்தி விட வேண்டிய காலி இடம்), உயரம், பார்க்கிங் எல்லாம் 2019 பிப்ரவரியில வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்ல இருக்கு. அதத் திருத்திக்கிட்டே இருக்காங்க, அதனால யாரோ வாட்ஸ்அப்ல அனுப்பின பழைய பிடிஎஃப்ப நம்பாதீங்க, உங்க விண்ணப்பத் தேதியில எந்த விதி இருந்துச்சோ அதப் பாருங்க.

5. காகிதத்த சேருங்க, முதல் நாளே ஆர்டிஐ போடுங்க

ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்ட மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். பதில் வர 30 நாள் ஆகும், பதில் வரலன்னா முதல் மேல்முறையீடு போட்டு இன்னும் 30 நாள் ஓடும். அப்பீல் கெடுவே ரெண்டு மாசம்தான். அதனாலதான் முதல் நாளேன்னு சொல்றேன்.

கேக்க வேண்டியது: ஒப்புதலான வரைபடம், அதோட வந்த நிபந்தனைகள், இடத்தப் பார்வையிட்ட அறிக்கை, ஃபைலோட குறிப்புப் பக்கங்கள். "ஏன் அனுமதி கொடுத்தீர்கள்"னு கேள்வியா எழுதாதீங்க, அதுக்குப் பதில் சொல்லத் தேவையில்லன்னு திருப்பிடுவாங்க. ஆவணத்தோட பேரச் சொல்லிக் கேளுங்க. "அலுவலகத்தில் கோப்பை நேரில் பார்வையிட அனுமதிக்கவும்"னு கடைசியா ஒரு வரி சேருங்க, அந்த உரிமையும் சட்டத்துல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் விவரம், மூணாம் நபர் தகவல்னு சிலபேர் மறுப்பாங்க, அப்ப விடாம மேல்முறையீடு போடுங்க.

இதுக்கு நடுவுல உங்க பக்கத்து காகிதம்: பத்திரம், பட்டா, வில்லங்கம், எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வே துறையோட எல்லை அளவு வரைபடம்). பட்டாவும் எஃப்எம்பியும் அரசோட இ-சர்வீசஸ் தளத்துலயே எடுத்துக்கலாம்.

கட்டுற இடத்துல ஒப்புதல் பிளான் மாட்டியிருக்கான்னும் பாருங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் அத அங்க வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2024 டிசம்பர் 17 தீர்ப்புல தெளிவா சொல்லியிருக்கு. மாட்டியிருந்தா போட்டோ எடுங்க, மாட்டலன்னா அந்தக் காலி இடத்தையே போட்டோ எடுங்க, ரெண்டும் உதவும்.

6. அளந்து பாருங்க, கண்ணால பார்த்துச் சொல்லாதீங்க

இந்தப் படியிலதான் கேஸ் நிக்குமா நிக்காதான்னு தெரியும். தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க.

எங்க பின்மனை விஷயத்துல பிளான்ல பக்கவாட்டுல 1.5 மீட்டர் விடணும், அதாவது 4 அடி 11 அங்குலம். நான் மொத நாள் டேப் எடுத்துட்டுப் போயி எங்க காம்பவுண்டு சுவத்துல இருந்து அவங்க சுவர் வரைக்கும் அளந்தேன், 3 அடி 2 அங்குலம் வந்துச்சு, சந்தோஷமா மனு எழுத உக்காந்துட்டேன். நல்லவேளையா தெரிஞ்ச லைசன்ஸ்டு சர்வேயர் ஒருத்தர் வந்து ஒரே கேள்வி கேட்டாரு, "இந்தக் காம்பவுண்டு யார் இடத்துல நிக்குது?" எஃப்எம்பிய வச்சு எல்லைக் கல்லுல இருந்து கயிறு கட்டிப் பார்த்தா எங்க ஒன்பது இஞ்ச் சுவரு முழுசா அவங்க மனையில நின்னுச்சு, எங்கப்பா காலத்துல கட்டினது. அப்ப அவங்க விட்ட இடம் 3 அடி 2 இல்ல, 3 அடி 11. மீறல் இருக்கு, ஆனா நான் எழுதின அளவுல இல்ல. அந்த மனுவ அப்படியே கொடுத்திருந்தா முதல் இன்ஸ்பெக்ஷன்லயே என் அளவு பொய்யாப் போயிருக்கும், கூடவே எங்க சுவரு மேல அவங்க ஒரு புகார் கொடுத்திருப்பாங்க. அந்தச் சுவரப் பத்தி நாங்களே போய் அவங்ககிட்ட பேசி முடிச்ச பிறகுதான் மனு கொடுத்தேன்.

அதனால எல்லையில இருந்து அளங்க. எல்லைக் கல்லு காணாமப் போயிருந்தா தாலுகா சர்வேயர் வந்து அளந்து அத்து காட்டணும்னு கட்டணம் கட்டி மனு போடுங்க, அந்த அறிக்கைய யாரும் லேசுல ஒதுக்க முடியாது.

டேப்ப முன்பக்கம், நடு, பின்பக்கம்னு மூணு இடத்துல வைங்க. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு போட்டோ, ஒண்ணு டேப்புல எண் தெரியுற மாதிரி கிட்டக்க, இன்னொண்ணு அது எந்த மூலைன்னு தெரியுற மாதிரி தள்ளி நின்னு. கிட்ட எடுத்த போட்டோ மட்டும் இருந்தா அது எந்த வீட்டு சுவருன்னே சொல்ல முடியாது.

இன்னொரு பெரிய தப்பு, பிளான் ஜெராக்ஸ்ல ஸ்கேல் வச்சு அளக்குறது. 1:100 பிளான்ல ஒரு சென்டிமீட்டர் ஒரு மீட்டர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா பெரிய ஷீட்ட ஏ4-ல சுருக்கி ஜெராக்ஸ் எடுத்த பிறகு அந்தக் கணக்கு செல்லாது. பிளான்ல எழுதியிருக்கிற எண்ண மட்டும் எடுங்க.

7. மனு கொடுங்க, ஒரு பக்கத்துக்குள்ள

இது ரெண்டாவது வகைக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். அதிகாரிகிட்ட முதல்ல கேட்டு, அவர் செய்யலன்னாதான் ஹைகோர்ட்ல "செய்யச் சொல்லுங்க"ன்னு கேக்க முடியும். மனு கொடுக்காம ரிட் போட்டா ஜட்ஜ் கேக்குற முதல் கேள்வியே அதுதான்.

மனுவுல மனையோட சர்வே நம்பர், அனுமதி எண், எந்த விதி, பிளான்ல எவ்வளவு, இடத்துல எவ்வளவு, என்ன செய்யணும்னு கேக்குறீங்க, இவ்வளவுதான். பழைய சண்டை, ஜாதி, லஞ்சம் கொடுத்திருப்பாங்கங்கிற சந்தேகம் எதுவும் வேண்டாம். நிரூபிக்க முடியாத ஒரு வரி மனுவுல இருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் அத மட்டும்தான் வாசிப்பாரு.

ஆணையருக்கும் திட்ட அனுமதி கொடுக்கிற அமைப்புக்கும் தனித்தனியா கொடுங்க, நேர்ல கொடுத்தா உங்க நகல்ல சீலும் தேதியும் வாங்குங்க. ஸ்பீட் போஸ்ட்ல போட்டா டிராக்கிங் ரிப்போர்ட்ட அன்னைக்கே பிரிண்ட் எடுங்க, கொஞ்ச மாசம் கழிச்சுத் தேடினா கிடைக்காது.

2024 ஜூலையில இருந்து 2,500 சதுர அடி வரைக்குமான மனையில 3,500 சதுர அடி வரைக்கும் கட்டுற வீட்டுக்கு சுயசான்று முறையில உடனே அனுமதி வருது, முன்கூட்டி யாரும் இடத்த வந்து பார்க்கிறதில்ல. அந்த மாதிரி அனுமதிய எதிர்க்கிறப்ப "விசாரிக்காம கொடுத்துட்டாங்க"ன்னு எழுதிப் பிரயோஜனம் இல்ல. சான்றுல சொன்ன எந்த விவரம் உண்மைக்கு மாறா இருக்குன்னு காட்டி ரத்து பண்ணக் கேளுங்க.

8. அப்பீல்

நகர் ஊரமைப்புச் சட்டத்தோட 49-லயோ 54-லயோ வந்த ஆர்டர்னா செக்ஷன் 79ல அப்பீல், ரெண்டு மாசத்துக்குள்ள. சிஎம்டிஏ ஆர்டர்னா அது அரசோட வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குப் போகும். யாருக்குப் போடணும்னு பெரும்பாலும் ரிஜெக்ஷன் லெட்டரோட கடைசிப் பாராவுலயே இருக்கும். தாமதமானா காரணம் காட்டிக் கேக்கலாம், ஆனா அத நம்பி உக்காராதீங்க.

56, 57 நோட்டீஸ், சீல் விவகாரம்னா 80ஏ-ல அரசுக்கு. இதுல நாள் கணக்கு பார்க்கவே வேண்டாம், நோட்டீஸ் வந்த வாரத்துக்குள்ள போட்டுடுங்க, ஏன்னா அப்பீல் போட்டதாலயே நடவடிக்கை நின்னுடாது. அப்பீலோடயே தடை கேட்டுத் தனி மனுவும் வைக்கணும். பலபேர் இத விட்டுட்டு, அப்பீல் நம்பர் கையில இருக்கிறப்பவே சீல் வச்சிட்டாங்கன்னு அழுதுட்டு வர்றாங்க, மனசு ரொம்ப கஷ்டமா இருக்கும்.

இடிக்கிற நோட்டீஸ் பத்தி 2024 நவம்பர் 13ல சுப்ரீம் கோர்ட் நாடு முழுசுக்கும் வழிமுறை போட்டிருக்கு. குறைஞ்சது 15 நாள் அவகாசத்தோட பதிவுத் தபால்ல நோட்டீஸ், கட்டடத்து மேலயும் ஒட்டணும், நேர்ல விசாரணை, காரணம் எழுதின ஆர்டர், ஆர்டருக்குப் பிறகும் 15 நாள். ரோடு, நடைபாதை, நீர்நிலை மாதிரி பொது இடத்துல கட்டினதுக்கும் கோர்ட்டே இடிக்கச் சொன்னதுக்கும் இது பொருந்தாது.

அப்பீல்ல ரிஜெக்ஷன் காரணத்த ஒவ்வொண்ணா எடுத்து அதுக்குக் கீழ உங்க பதில எழுதுங்க. ஆர்டர்ல இல்லாத புதுக் காரணத்த அதிகாரி பின்னாடி கொண்டு வந்தா, 1977லயே மொகிந்தர் சிங் கில் வழக்குல சுப்ரீம் கோர்ட் அது கூடாதுன்னு சொல்லியிருக்கு, ஆர்டர் அதுல எழுதின காரணத்துலதான் நிக்கணும். எனக்கு அப்பீல்ல கை கொடுத்ததே இந்தப் பாயிண்டுதான். ரோடு அகலம் பத்தலன்னு ஆர்டர், விசாரணையில பார்க்கிங் பத்தலன்னு பேசினாங்க. பார்க்கிங் ஆர்டர்ல இல்லன்னு எழுத்துல கொடுத்தேன், அத ஏத்துக்கிட்டாங்க.

எல்லைத் தகராறு, சொத்து யாருதுங்கிற தகராறு இருந்தா அப்பீல்ல தீராது. பிளான் அப்ரூவல் யாருக்கும் சொத்துரிமை கொடுக்காது, பறிக்காது. அதுக்கு சிவில் கோர்ட். ஆனா பிளான் ஆர்டரையே சிவில் கோர்ட்ல எதிர்க்கலாம்னு யாராவது சொன்னா நகர் ஊரமைப்புச் சட்டத்தோட 101ஆவது செக்ஷன் அதத் தடுக்குதுன்னு ஞாபகம் வச்சுக்கங்க, அங்க போய் ஒரு வருஷம் போனவங்க இருக்காங்க.

9. ஹைகோர்ட் ரிட்

ரிட் கடைசிப் படி. அப்பீல் வழி இருக்கிறப்ப நேரா போனா "அங்க போயிட்டு வா"ன்னுதான் பெரும்பாலும் அனுப்புவாங்க. உங்கள விசாரிக்கவே இல்ல, அதிகாரமே இல்லாதவர் ஆர்டர் போட்டாரு, இந்த மாதிரி இருந்தா மட்டும் நேரா போக இடம் உண்டு.

சொத்து இருக்கிற மாவட்டத்தப் பொறுத்து எந்த பெஞ்ச்னு முடிவாகும். மதுரை, திருச்சி, திருநெல்வேலி எல்லாம் 2004ல இருந்து மதுரைக் கிளை. கோயம்புத்தூர், சேலம், வேலூர் சென்னையில.

பக்கத்து வீட்டு அனுமதிய எதிர்க்க எனக்கு என்ன உரிமைன்னு நிறையப் பேர் தயங்குறாங்க. 1974ல உடுப்பி நகராட்சி விதிய மீறி சினிமா தியேட்டருக்குக் கொடுத்த அனுமதிய அங்க குடியிருந்த ராமதாஸ் ஷெணாய் எதிர்த்தாரு, சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம்தான் நின்னுச்சு. அந்தப் பகுதியில இருக்கிறவங்களுக்குக் கேக்குற உரிமை இருக்கு.

ரிட்ல அதிகாரிங்க மட்டும் எதிர்த்தரப்பா இருந்தா போதாது, கட்டுறவரையும் கண்டிப்பா சேர்க்கணும். அவர் இல்லாம அவர் அனுமதிய ரத்து பண்ண கோர்ட் ஒத்துக்காது, இதுக்காகவே தள்ளுபடி ஆகும்.

தாமதம் இன்னொரு எதிரி. ரிட்டுக்கு இத்தன நாள்னு கெடு இல்லன்னு சொல்வாங்க, அது உண்மைதான், ஆனா பேஸ்மென்ட் போடுறப்ப வர்றவருக்கும் மூணாவது தளம் கான்கிரீட் போட்ட பிறகு வர்றவருக்கும் கிடைக்கிற மரியாதை வேற. இடைக்காலத் தடை வேணும்னா வேலை எந்த நிலையில இருக்குன்னு தேதியோட போட்டோ வைங்க.

முதல் நாளே ஸ்டே வந்துடும்னு எதிர்பார்க்காதீங்க. அரசு வக்கீல் நோட்டீஸ் வாங்கிட்டு விவரம் கேட்டுச் சொல்றேன்னு டைம் கேப்பாரு, அது வழக்கம். நீங்க அப்பீல்ல ஜெயிச்ச பக்கமா இருந்தா கேவியட் போட்டு வைங்க, உங்களக் கேக்காம ஆர்டர் வராம இருக்க உதவும், 90 நாள்தான் நிக்கும், அப்புறம் புதுசாப் போடணும்.

10. ஆர்டர் வந்த பிறகு

பெரும்பாலான ரிட்ல வர்றது "மனுவை தகுதி அடிப்படையில் சட்டப்படி பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்கவும்"ங்கிற ஆர்டர். இத ஜெயிச்சதா நெனச்சு ஸ்வீட் கொடுத்தவங்க உண்டு. இதுல கோர்ட் உங்க பக்கம் சரின்னு சொல்லல, முடிவெடுக்க மட்டும்தான் சொல்லியிருக்கு. வேலை இனிமேதான்.

ஆர்டரோட சர்ட்டிஃபைடு காப்பி வாங்கி, பழைய மனு, அளவு போட்டோ, சர்வேயர் அறிக்கை எல்லாத்தையும் சேர்த்து ஒரு கவரிங் லெட்டரோட அதிகாரிகிட்ட கொடுத்து சீல் வாங்குங்க. வாரக்கணக்கு பல ஆர்டர்ல "நகல் கிடைத்த நாளிலிருந்து"தான் ஓடும், நீங்க கொடுக்கலன்னா ஓடவே ஆரம்பிக்காது.

விசாரணைக்கோ இடத்தப் பார்க்கவோ கூப்பிட்டா கண்டிப்பா போங்க, முடிஞ்சா உங்க சர்வேயரோட. அவங்க அளக்குறப்ப நீங்களும் நோட்ல குறிச்சுக்கங்க. அறிக்கையில உங்க கையெழுத்து கேட்டா அளவ படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க, மாறுபட்டா "அளவில் ஆட்சேபணை உள்ளது"னு எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

சொன்ன வாரம் தாண்டியும் நடக்கலன்னா முதல்ல வக்கீல் மூலமா ஒரு நோட்டீஸ். அதுக்கும் அசையலன்னா கோர்ட் அவமதிப்பு மனு. மீறல் நடந்த நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள அதப் போடணும், அதனால ஆர்டர் நகல அதிகாரி வாங்கின தேதியையும் வாரக்கணக்கு முடியுற தேதியையும் 3ஆவது படியில சொன்ன அதே காலண்டர்ல எழுதி வைங்க.